புனே மண்டலமும் தஞ்சைச் சுவடியும்

புனே நகரில் குடியேறி வாழும் தமிழ் மக்களில் சதாசிவப் பேட்டையை அறியாதார் இலர். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கவும், நண்பர் வீட்டுக் கலியாணங்களுக்குச் செல்லவும், நாடகம் பார்க்கவும் அவ்வழியே நாம் பலகாலும் நடந்திருக்கிறோம். அப்பேட்டையில்தான் ‘பாரத இதிகாச சம்சோதக மண்டலம்’ என்னும் கழகம் இருக்கிறது. பாரத நாட்டுச் சரித்திர ஆராய்ச்சியாளர் கழகம் என்பது அப்பெயரின் பொருள். அதன் வாயிலைக் கடந்து உள்ளே சென்ற தமிழரோ மிகச் சிலர். ‘மராட்டியர் சரித்திரம் மராட்டியர்க்கு, பிழைக்க வந்த நமக்கு அதில் என்ன பங்கு?’ என்று நம்மவர் எண்ணுகின்றனர் போலும். பங்கு உண்டு என்பதற்குச் சான்று நம் தஞ்சாவூரிலேயே கிடக்கிறது. அதனைச் சொல்வதற்குமுன் மண்டலம் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சிறிது கூறல் வேண்டும்.

இருப்புப்பாதைக் குமாஸ்தாக்களாகிய நமக்குக் காகிதத்தின் பெருமையும் தெரியும், சிறுமையும் தெரியும். எந்தக் கோப்பை ஓராண்டு வைப்பது, எதனை மூன்றாண்டு வைப்பது, எதன்மேல் ‘நிரந்தரம்’ என்று எழுதுவது என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். காலம் தீர்ந்த கட்டுகள் எடை போட்டு விற்கப்படுவதையும் கண்ணாரக் காண்கிறோம். ஆகவே, ஒருவன் தன் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகத் திரிந்து, பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய காகிதக் கட்டுகளைத் தேடினான் என்று கேட்டால் மற்றவர் சிரிக்கலாம். நாம் சிரிக்க மாட்டோம்.

அவ்வாறு திரிந்தவர் விசுவநாத காசிநாத ராஜவாடே. 1863ஆம் ஆண்டிற் பிறந்தவர்; பட்டம் பெற்றவர்; உத்தியோகம் தேடியிருந்தால் எளிதிற் கிடைத்திருக்கும். அதனை விட்டு, மராட்டிய நாட்டுக் கிராமங்களில் தேஷ்முக், குல்கர்ணி, சர்தார் முதலிய பழங்குடும்பங்களின் பரண்களில் துணியிற் சுற்றிக் கிடந்த கடிதக் கட்டுகளைத் தேடிப் புறப்பட்டார். அத்துணிக் கட்டுக்கு ‘ருமால்’ என்று பெயர். வாயி என்னும் ஊரிற் கிடைத்த கடிதங்களைக் கொண்டு அவர் வெளியிட்ட முதல் தொகுதி 1898இல் வந்தது. பானிப்பட்டுப் போருக்கு முந்திய பத்தாண்டுகளின் செய்திகள் அதில் உள்ளன. ‘மராட்டியர் வரலாற்றின் சாதனங்கள்’ என்ற பொதுப்பெயரில் அவ்வரிசை 22 தொகுதிகளாக வளர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அரசாங்கத்தாரும் அயல்நாட்டாரும் மெச்சுவர் என்பதை அறிந்தும், தம் தாய்மொழியிலேயே எழுதுவேன் என்று விரதம் பூண்டவர் அவர். அந்த ஒன்றை நம்மவர் இன்னும் கற்றுக்கொள்ளலாம்.

பரணில் இருந்த காகிதத்தைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. 1852இல் பம்பாய் மாகாணத்தில் இனாம் கமிஷன் சட்டம் வந்து, மானிய நிலங்களுக்கு ஆதாரம் எங்கே என்று அரசாங்கம் வீடு வீடாகக் கேட்ட காலத்தை அனுபவித்த குடும்பங்கள் அவை. பழைய பத்திரத்தை அந்நியனுக்குக் காட்டினால் நிலம் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் பல நாள் காத்திருந்து, வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்று, பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். மீரஜ் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த வாசுதேவ சாஸ்திரி கரே என்பவரும், சாத்தாராவிலிருந்த தத்தாத்ரேய பாரஸ்நீஸ் என்பவரும் அக்காலத்தில் இதே தொண்டைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தனர். பேஷ்வாக்களின் சொந்தத் தஸ்தாவேஜுகள் புனேயிலேயே அரசாங்கக் காவலில் இருந்தன. ஆயினும் அக்கதவு நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் திறக்கவில்லை. ஆகவே சரித்திரத்தை வீட்டுப் பரணிலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது.

தனி மனிதன் தேடலாம். தேடியதை எங்கே வைப்பது? அவன் கண்மூடிய பின் யார் காப்பது? இக்கேள்விக்கு விடையாக 1910ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள், ராஜவாடேயும் கண்டேராவ் சிந்தாமண் மெஹெந்தளே என்பவரும் கூடி மண்டலத்தைத் தோற்றுவித்தனர். மெஹெந்தளே சர்தார் குடும்பத்தவர். தொடக்கக் காலப் பணி அவருடைய வாடாவில் நடந்தது. மகாராஜாவின் மானியத்தையோ அரசாங்கத்தின் ஆணையையோ எதிர்பாராது எழுந்த சபை அது. அதில் உழைத்தவருள் வக்கீல்களும், வாத்தியார்களும், வைதிகர்களும், காலையிலும் மாலையிலும் ஒழிந்த நேரத்தை அளித்த வேறு பலரும் இருந்தனர்.

அவர்கள் நடத்திய கூட்டமுறை நம் சங்கத்தார் கவனிக்கத் தக்கது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுவர். ஒருவர் தாம் கண்டெடுத்த ஒரு கடிதத்தையோ, கல்வெட்டின் படியையோ, நாணயத்தையோ கொண்டுவந்து படித்துக் காட்டுவார். ‘இத்தேதி தவறு’, ‘இக்கையெழுத்து அக்காலத்ததன்று’ என்று மற்றவர் தடை எழுப்புவர். விடை சொல்ல வேண்டும். இயலாவிடில் அடுத்த கூட்டத்திற்கு ஆதாரத்தோடு வர வேண்டும். பொன்னாடையும் பூமாலையும் அங்கே முக்கியமல்ல. தடையைத் தாங்கி நின்ற செய்தி மண்டலத்தின் வெளியீடுகளில் அச்சாகும். ஆண்டுக்கொரு முறை சம்மேளனம் கூட்டி, படித்த கட்டுரைகளைத் தொகுத்து வெளியிடுவர். நம் ஆண்டு விழா மலரும் ஒரு வகையில் அத்தகையதே. ஆயின் நாம் தலைவர் உரைக்கும் விளம்பரத்திற்கும் இடம் ஒதுக்கிய பின்னரே மற்றவற்றை நினைக்கிறோம். பதிப்பாசிரியர் இவ்வாக்கியத்தை வெட்டாதிருப்பாராக.

மண்டலத்திலும் மனவேறுபாடுகள் இல்லாமலில்லை. ராஜவாடே முன்கோபி, தாம் எண்ணியதை எவர் முகத்துக்கும் அஞ்சாமல் சொல்பவர். பிற்காலத்தில் தாம் தோற்றுவித்த கழகத்தினின்றே விலகிச் சென்றார். இறுதிக் காலத்தைத் தூளே நகரிற் கழித்து, 1926ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அங்கே காலமானார். அவர் பெயரால் அந்நகரில் வேறொரு ஆராய்ச்சி மண்டலம் ஏற்பட்டது. ஆயினும் புனே மண்டலம் கலையவில்லை. தோற்றுவித்தவர் கோபித்துக்கொண்டு போனபிறகும் பதினைந்து நாளுக்கொரு கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. ஒரு தேர்தலில் தோற்றால் மறுவாரமே வேறொரு சங்கத்திற்குப் பெயர்ப்பலகை எழுதுகின்ற வழக்கம் தமிழர் வாழும் ஊர்களில் இருப்பதை நினைக்கும்போது, அவர்கள் பொறுமை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தத்தோ வாமன் போத்தார் என்பவர் பல பத்தாண்டுகள் செயலாளராக இருந்து அதனைத் தாங்கினார். 1960களில் புனே பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பெரியார் அவர். பாரசீகத்தில் வல்லவரான கணேச ஹரி கரே என்பவர் ஏடுகளைக் காத்து, வகைப்படுத்தி, பதிப்பித்து வாழ்நாளைக் கழித்தார், 1985இல் மறைந்தார். இன்று அங்கே ஏறத்தாழ 15 லட்சம் கடித ஏடுகளும், 30,000 கையெழுத்துச் சுவடிகளும், 4,000 நாணயங்களும், 1,000 ஓவியங்களும் இருக்கின்றன என்பர்.

இனித் தஞ்சாவூருக்கு வருவோம்.

சிவாஜி மகாராஜா எந்த ஆண்டிற் பிறந்தார் என்பதில் முன்பு ஐயம் இருந்தது. பழைய பகர்களில், அஃதாவது பிற்காலத்தில் எழுதப்பெற்ற வரலாற்றுக் கதைகளில், சகம் 1549 வைகாசி மாதம், அஃதாவது 1627 ஏப்ரல், என்று கண்டிருந்தது. பள்ளிப் புத்தகங்களிலும் அதுவே ஏறியது. போர் சமஸ்தானத்தைச் சார்ந்த காரி என்னும் கிராமத்து ஜேதே தேஷ்முக் குடும்பத்தில் ஒரு பழைய காலவரிசை இருந்தது. சகம் 1540 முதல் 1619 வரை, இன்ன ஆண்டில் இன்ன நிகழ்ச்சி என்று சுருக்கமாகக் குறித்துவைத்த பட்டியல் அது. நம் நிலைய அதிகாரியின் நாட்குறிப்பைப் போன்றது. அதனைப் பெற்ற லோகமான்ய திலகர் 1916இல் மண்டலத்தின் சம்மேளனத் தொகுதியில் வெளியிட்டார். அதிலோ சிவாஜியின் பிறப்பு சகம் 1551, பங்குனி மாதத்துத் தேய்பிறைத் திரிதியை என்று எழுதியிருந்தது; ஆங்கிலக் கணக்கில் 1630 பிப்ரவரி 19. ஏறக்குறைய மூன்றாண்டு வேற்றுமை!

ஒரு குடும்பத்தார் பரணிலிருந்த ஒரு பட்டியலை நம்பி, நாடறிந்த தேதியை மாற்றிவிடலாமா? கூடாது என்று பலர் கூறினர். அவர்கள் கூறியதும் முறைதான். இரண்டாவது சாட்சி வேண்டும். அச்சாட்சி புனேயிலோ சாத்தாராவிலோ கிடைக்கவில்லை. இரயில் வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, காவிரிக் கரையில் கிடைத்தது.

சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி வெங்கோஜி, நாம் ஏகோஜி என்று வழங்குபவர், 1670களில் தஞ்சையைக் கைக்கொண்டு அங்கே போன்ஸ்லே அரசை நிறுவினார். அம்மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை இருந்தவர். சரசுவதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கியவர் அவரே. 1803இல் தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் மராட்டி மொழியில் வெட்டுவித்தவரும் அவரே. நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெருவுடையார் தரிசனம் செய்கிறோம். பிள்ளைகளுக்கு நந்தியைக் காட்டுகிறோம். புனேயில் பிறந்து மராட்டி படிக்கும் அப்பிள்ளைகள், பெற்றோர் படிக்கமாட்டாத அக்கல்வெட்டைத் தாம் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சரசுவதி மகால் அரண்மனையின் உடைமையாக இருந்து, 1918இல் பொதுநூல்நிலையமாயிற்று. அங்கிருந்த சுவடிகளைக் கொண்டு மண்டலத்தைச் சார்ந்த சதாசிவ மகாதேவ திவேகர் என்பவர் சில நூல்களைப் பதிப்பித்தார். பன்ஹாளா மலைக்கோட்டையைப் பிடித்ததைப் பாடும் ஜயராம கவியின் வடமொழி நூல் 1923இல் வந்தது. 1927இல் ‘சிவபாரதம்’ வந்தது. சிவாஜியின் காலத்திலேயே, அவர் ஆதரவு பெற்ற பரமானந்தர் என்ற கவி வடமொழியில் இயற்றிய காவியம் அது; முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதில் சிவாஜியின் பிறப்பு சகம் 1551, பங்குனித் தேய்பிறைத் திரிதியை என்றே இருந்தது. காரி கிராமத்துப் பட்டியலும் தஞ்சை அரண்மனைச் சுவடியும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் ஒரே நாளைச் சொல்லின. ஜோத்பூரில் கிடைத்த ஜாதகக் குறிப்பு ஒன்றும் இவற்றோடு ஒத்தது. இன்று மகாராஷ்டிர அரசு பிப்ரவரி 19ஆம் நாளிலேயே சிவஜயந்தி கொண்டாடுகிறது; திதி பார்த்துக் கொண்டாடுவாரும் உளர். அவ்விடுமுறை நாளன்று வீட்டில் அமர்ந்து காபி அருந்தும் தமிழன்பர்கள், தங்கள் விடுமுறையின் தேதிக்குச் சோழநாட்டுச் சுவடி ஒன்று சாட்சி சொல்லிற்று என்பதை எண்ணிக்கொள்வார்களாக.

சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே இருப்புப்பாதை ராய்ச்சூரில் இணைந்தது 1871இல். அதற்கு முன்பு தஞ்சையிலிருந்து புனேக்கு வருவதென்றால் மாதக்கணக்கில் நடைதான். அப்படியிருந்தும் கடிதங்கள் ஓயாமல் வந்துபோயின. 1689இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், மொகலாயர் கைப்படாமல் தப்பித் தமிழ்நாட்டுச் செஞ்சிக் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். 1698இல் அக்கோட்டை வீழும்வரை மராட்டிய அரசின் தலைமை பெரும்பாலும் நம் தென்னார்க்காட்டு மண்ணில்தான் இருந்தது. மராட்டிய நாட்டுத் தேஷ்முக்குகளுக்கு மானியம் வழங்கிய ஆணைகள் செஞ்சியிலிருந்து புறப்பட்டன. மராட்டிப் பத்திரங்களில் செஞ்சிக்குச் ‘சந்தி’ என்றும், தஞ்சாவூருக்குச் ‘சந்தாவர்’ என்றும் பெயர். நம் இலாகா அன்பர்கள் முன்னதை ‘ஜங்ஷன்’ என்று பொருள் கொள்ளாதிருக்க வேண்டுகிறோம்.

இவ்வூர்ப் பெயர்களைப் பற்றியே நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புவது. மராட்டியர் படை ஆர்க்காட்டிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்த காலத்துக் கடிதங்களில் நம் நாட்டுச் சிற்றூர்கள், ஆறுகள், கோயில்கள், பாளையக்காரர் பெயர்கள் பல வரும். எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். மராட்டி அறிஞர் ஒருவர் அப்பெயரை எழுத்துக் கூட்டிவிடுவார். ஆயின் அது வந்தவாசியா வாழைப்பந்தலா, உய்யக்கொண்டானா வேறொன்றா என்பதைத் தெளிய, அவ்வூர்க்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் வேலை எளிதாகும். நம் குடியிருப்பில் வடார்க்காட்டாரும் தஞ்சாவூராரும் திருச்சியாரும் எத்தனை பேர்! அவர்கள் அறிந்த ஊர்ப்பெயர்ச் செல்வம் இங்கே பயன்படாமல் கிடக்கிறது.

ஏடுகளின் எழுத்து மோடி எனப்படும். மேலே நீண்ட கோடு ஒன்றை முதலில் இழுத்துவிட்டு, நாணற்பேனாவை எடுக்காமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போவது அதன் இயல்பு. முதலிற் காண்பவர்க்கு மழைநீர் ஓடிய தடம்போலத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பள்ளியிலும் கச்சேரியிலும் அது வழக்கொழிந்தது; மராட்டி மக்களிலேயே அதனைப் படிக்க வல்லவர் இன்று சிலர்தாம். படிப்பார் குறையக் குறைய, கட்டப்பட்ட ருமால்கள் கட்டியபடியே இருந்துவிடும். பூச்சிக்கு மோடி தெரிய வேண்டியதில்லை. மண்டலத்தார் மோடி கற்பிக்கும் வகுப்புகள் நடத்தியதுண்டு. தஞ்சையிலும் மோடிக் கட்டுகள் மிகுதி. அவற்றின் துணைகொண்டே கே. எம். வேங்கடராமையா அவர்கள் தஞ்சை மராட்டிய மன்னர் காலத்து அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றிய பெருநூலை 1984இல் தந்தார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவ்வாவணங்களின் தமிழாக்கத்தையும் வெளியிட்டது. இன்னும் படிக்கவேண்டியவை உள. புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளை, வீட்டில் தமிழும் பள்ளியில் மராட்டியும் அறிந்தவன், மோடியையும் கற்றுக்கொண்டால் அவ்வேலைக்கு அவனினும் ஏற்றவன் யார்? தஞ்சையில் இருப்பவனுக்கு மராட்டி அருமை. புனேயில் இருப்பவனுக்குத் தமிழ் அருமை.

தேதிக் கணக்கும் நமக்கு முற்றிலும் புதிதன்று. ஒரே கட்டில் சக ஆண்டு இருக்கும். 1674இல் தொடங்கிய பட்டாபிஷேக சகம் இருக்கும். சுஹூர் சன் என்ற அரபுக் கணக்கு இருக்கும். சுஹூர் ஆண்டோடு 599 அல்லது 600 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலியும் வரும். பசலியோடு 590 அல்லது 591 கூட்டுவது நம்மூர்க் கர்ணத்தின் பிள்ளைகளுக்குப் பாலபாடம். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் இன்றளவும் பசலிதான். சரக்கு வண்டிகளின் வரவு செலவைத் தலைகீழாக ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய நம் இலாகாத் தோழர்களுக்கு இக்கூட்டல் கழித்தல் பெரிதாகாது. பெரிய படிப்பு வேண்டுமென்று எவரும் தயங்க வேண்டா. மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கே அவ்வெண்களில் ஒரு சுவை ஏற்பட்டுவிட்டது.

மற்றவர் பரணைப் பற்றிப் பேசிவிட்டு நம் பரணைப் பாராமல் இருப்பது முறையன்று. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தமிழ்க் குடும்பங்கள் சில தலைமுறையாக வாழ்கின்றன. இராணுவக் கணக்கு அலுவலகத்திற்கும், வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், இருப்புப்பாதைக்கும் வேலையாக வந்தவர்கள். அவர்கள் எப்படி வந்தார்கள், முதல் மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்பினார்கள், முதல் பஜனை யார் வீட்டுக் கூடத்தில் நடந்தது, அரிசி கிடையாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பனவெல்லாம் எங்கே எழுதியிருக்கின்றன? மணியார்டர் ரசீதுகளிலும், மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரிகைகளிலும், பழைய விழா மலர்களிலும்தாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் ஓய்வுபெற்றுக் குடியிருப்பைக் காலி செய்தபோது, தகப்பனார் காலத்துக் கடிதங்கள் நிறைந்த தகரப் பெட்டி ஒன்று பழந்தாள் வியாபாரியிடம் எடைக்குப் போயிற்று. பெட்டிக்குத் தனி விலை; தாளுக்குத் தனி விலை. அதில் நம் சங்கத்தின் தொடக்கக் காலச் சந்தாப் புத்தகமும் இருந்தது என்று அவ்வீட்டு அம்மையார் பின்னர்ச் சொன்னார். யாரையும் குறைகூறி இதனை எழுதவில்லை. கேட்டுவாங்க ஓர் ஆள் இல்லாதபோது வீட்டார் என் செய்வார்?

ஆகவே செயற்குழுவின் இசைவோடு இவ்வாண்டு இரண்டு காரியங்கள் தொடங்கப்படுகின்றன. மோடி கற்க விரும்பும் இளைஞர்களும் மாணவிகளும் பெயர் கொடுத்தால், சங்கத்தின் சார்பில் மண்டலத்தாரை அணுகி, விடுமுறை நாள்களில் அவர்கள் இடும் தொண்டைச் செய்வதற்கு அனுமதி கேட்போம். பட்டியல் எழுதுவதோ, தூசு தட்டுவதோ, எதுவாயினும் சரி. மற்றொன்று நம் பெட்டி. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்கத்து நூல்நிலையத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். பழைய கடிதம், ரசீது, கணக்கு நோட்டு, புகைப்படம், அழைப்பிதழ் எதனையும் கொண்டுவரலாம். கொடுக்க மனமில்லாதவர் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துச் செல்லலாம், படி எடுத்துக்கொள்வோம். புகைப்படத்தின் பின்புறம் இன்னார் இன்ன ஆண்டு என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவருதல் நலம். மையால் எழுத வேண்டா. வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்து வருக. எழுதாமல் அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தனி நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறது. வாங்கும் ஒவ்வொரு காகிதத்திற்கும் எண்ணிட்ட ரசீது தரப்படும்.